பிரான்ஷேட்டா: பிரேசில் உதவிப் பயிற்சியாளரின் கையில் எது நிற்கும், எது நிற்காது

பிரேசில் லீக் ஆட்டம், எழுபதாவது நிமிடம். வார்ம்-அப் முடித்த மாற்று ஆட்டக்காரர் ஜெர்சியை இழுத்து மாட்டிக்கொண்டு நான்காவது நடுவர் பக்கம் நடக்கிறார். தலைமைப் பயிற்சியாளர் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருப்பதால் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. உள்ளே போகிறவரின் தோளைப் பிடித்து நிறுத்தி, கையில் இருப்பதை விரித்து, "கார்னர் வந்தால் நீ இங்கே, ஃப்ரீகிக் வந்தால் இங்கே" என்று விரல் வைத்துக் காட்டுபவர் உதவிப் பயிற்சியாளர். பந்து வெளியே போகும்வரைதான் அவகாசம். சில நேரம் ஒரு நிமிடம் கிடைக்கும், சில நேரம் இருபது நொடிதான்.

அந்த இருபது நொடியில் கையில் இருக்கும் பொருள் எப்படி இருக்கவேண்டும் என்பதுதான் இந்த மதிப்புரை. பிரேசிலில் அதற்குப் பொதுப்பெயர் பிரான்ஷேட்டா. பலகை என்று பொருள். ரியோவின் நான்கு பெரிய கிளப்புகளுடனும் மாநிலப் பட்டம் வென்ற ஜோயல் சந்தானாவையும் அவர் கைப் பலகையையும் பிரித்து நினைக்கவே அங்கே யாராலும் முடியாது. இன்று அந்தப் பெயரின்கீழ் நான்கு வகைப் பொருள்கள் விற்கின்றன: காந்தம் ஒட்டும் கெட்டிப்பலகை, ஜிப் வைத்த மடக்குப் பலகை, லேமினேட் செய்த தாள்களைக் கோத்த வளைய ஃபைல், டேப்லெட். நான்கும் ஒரே வேலையைச் செய்வதாகச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் தனித்தனி வேலைக்கு ஆனது. அது தெரியாமல் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது.

பிரேசிலில் இந்தப் பொருளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வரக் காரணம் ஆட்டக் காலண்டர். ஜனவரியில் மாநிலப் போட்டி தொடங்கும். பிறகு 20 அணிகள், 38 சுற்று கொண்ட தேசிய லீக். இடையிடையே தேசிய நாக்அவுட் போட்டியான கோப்பா டு பிரேசில், பெரிய அணிகளுக்குத் தென் அமெரிக்கக் கிளப்புகளின் லிபெர்டடோரெஸ். முன்னணிக் கிளப் ஒன்றுக்கு ஆண்டில் 60 ஆட்டங்களைத் தாண்டிவிடும். ஞாயிறு ஆட்டம், புதன் ஆட்டம், மறுபடி ஞாயிறு. திங்கள் ஓய்வும் மீட்சியும், செவ்வாய் விமானம். போர்ட்டு அலெக்ரியிலிருந்து ஃபொர்டலேசாவுக்குப் போனால் நேர்க்கோட்டிலேயே 3,000 கி.மீ.க்கு மேல். மைதானத்தில் நின்று கார்னர் பயிற்சி செய்ய மிச்சமிருப்பது அரைமணி நேரம். மீதியெல்லாம் ஓட்டல் கூடத்திலும் உடைமாற்று அறையிலும் கோட்டோரத்திலும் கண்ணால் நடக்கும் பயிற்சிதான். போலா பாராடா, அதாவது நின்ற பந்திலிருந்து தொடங்கும் ஆட்டம், பெரும்பாலும் உதவியாளர் பொறுப்பு. ஆகவே பலகையும் அவர் பொறுப்பு.

கெட்டிப்பலகை

இதில் முதலில் பார்க்கவேண்டியது அளவுக்கணக்கு. விற்பனையாளர் யாரும் இதைச் சொல்வதில்லை. முழு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதை ஏ4 பலகையில் (29.7 செ.மீ. நீளம்) வரைந்தால் 1 செ.மீ. என்பது சுமார் 3.5 மீட்டர். பெனால்டி பாக்ஸ் 40.32 மீட்டர் அகலம், 16.5 மீட்டர் ஆழம். பலகையில் அது 11.4 செ.மீ. × 4.7 செ.மீ. ஆகிவிடும். கோலுக்கு முன்னால் உள்ள சிறு கட்டமான கோல் ஏரியாவின் ஆழம் 5.5 மீட்டர், பலகையில் ஒன்றரை செ.மீ.தான். வழக்கமாகக் கூடவே வரும் காந்தத்தின் விட்டமும் ஒன்றரை செ.மீ. கோல்கீப்பர் காந்தத்தை வைத்த இடத்திலேயே கோல் ஏரியாவின் ஆழம் முடிந்துபோகிறது. கார்னர் ஒன்றுக்குப் பாக்ஸுக்குள் 18 பேர் நின்றால் காந்தங்களே அந்தப் பரப்பில் பாதிக்கும் மேல் மூடிவிடும். முன்போஸ்டில், அதாவது பந்து வரும் பக்கத்துக் கோல்கம்பத்தருகே, நிற்பவர் யார், அவருக்கு அரை அடி பின்னால் நிற்பவர் யார் என்று எந்த ஆட்டக்காரருக்கும் புரியாது.

அதே ஏ4 பலகையில் பாதி மைதானத்தை மட்டும், 68 மீட்டர் அகலம் நீளவாக்கில் வரும்படி வரைந்தால் 1 செ.மீ. 2.5 மீட்டர் ஆகிறது. பாக்ஸ் 16.1 × 6.6 செ.மீ. ஆகிறது. அதே 18 காந்தங்கள் இப்போது சுமார் 30 சதவீதப் பரப்பைத்தான் எடுக்கும். ஆகவே கையில் பிடிக்கும் பலகை என்றால் ஒருபக்கம் முழு மைதானம், மறுபக்கம் பாதி மைதானம் இருக்கவேண்டும். இருபக்கமும் முழு மைதானம் அச்சடித்த ஏ4 பலகையை வாங்கவேண்டாம். ஏ3 கையில் பிடிக்கச் சற்றுப் பெரிதுதான். ஆனால் முழு மைதானத்தையும் 1 செ.மீ.க்கு 2.5 மீட்டர் என்ற அளவில் காட்டும். இளையோர் அணிகளில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும்போது ஏ3க்குக் குறைந்தது எதுவும் உதவாது. உடைமாற்று அறைச் சுவருக்கு 60 × 90 செ.மீ. போதும், அதற்கு 3 செ.மீ. விட்டக் காந்தம் வேண்டும், இல்லையென்றால் பின்வரிசையில் உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, கோடுகள் சரியா என்பது. மலிவான பலகைகளில் பாக்ஸை அழகுக்காகப் பெரிதாக வரைந்துவிடுகிறார்கள். கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். பாக்ஸின் அகலம் மைதான அகலத்தில் 59 சதவீதம், ஆழம் மைதான நீளத்தில் 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆழம் 20 சதவீதமாக வரைந்திருந்தால் பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையிலான தூரமெல்லாம் பொய்யாகிவிடும். "இவ்வளவு நெருங்கி நில்" என்று பலகையில் காட்டியது மைதானத்தில் நாலைந்து மீட்டர் மாறிப்போகும். பின்வரிசைக்கு நாலு மீட்டர் சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, தகடு. மேற்பரப்பு இரும்பாக இருக்கவேண்டும். ஓரச்சட்டம் அலுமினியமாக இருக்கலாம். தகடு மெலிதாக இருந்தால் காந்தம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் பிடிப்பு குறையும். 0.4 மி.மீ. தகடு போதும், ஏ3 அளவில் அதன் எடை சுமார் 400 கிராம். இருபக்கப் பலகையில் இன்னொரு சிக்கல் உண்டு. நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே தகட்டின் இருபுறமும் காந்தம் வைத்தால், முன்பக்கக் காந்தத்தை நகர்த்தும்போது பின்பக்கக் காந்தமும் கூடவே நகரும். உடைமாற்று அறையில் கவனமாக அடுக்கிவைத்த கார்னர் அமைப்பு, பலகையைத் திருப்பும்போது கலைந்து கிடப்பது இதனால்தான். நடுவில் நுரை அட்டையோ பிளாஸ்டிக்கோ வைத்து இரண்டு தகடு பொருத்திய பலகையாகப் பார்த்து வாங்கவேண்டும். ஓரத்தைப் பார்த்தாலே தெரியும்.

காந்தத்தில் நியோடிமியம் வேண்டாம். பிடிப்பு அதிகம் என்று பெருமையாக விற்பார்கள். ஆனால் விரலால் தள்ளினால் வழுக்காது, பிய்த்து எடுத்து வைக்கவேண்டும், பக்கத்துக் காந்தத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஃபெரைட் அல்லது தடிமனான ரப்பர் காந்தமே போதும். பலகையைச் செங்குத்தாகப் பிடித்து நன்றாக ஒரு உலுக்கு உலுக்கினால் விழாமல் இருக்கவேண்டும், ஒற்றை விரலால் தள்ளினால் வழுக்கவேண்டும். இந்த இரண்டு சோதனையிலும் தேறினால் வாங்கலாம். நிறத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஜோடியைத் தவிர்ப்பது நல்லது. ஃபிளமெங்கோவுக்குச் சிவப்பு, பல்மெய்ராஸுக்குப் பச்சை என்று வைக்கத் தோன்றும். ஆனால் ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. முப்பது பேர் கொண்ட அணியில் ஒருவராவது இருப்பார், வெளியே சொல்லவும் மாட்டார். நீலமும் மஞ்சளும் எல்லார் கண்ணுக்கும் பிரிந்து தெரியும்.

கெட்டிப்பலகை பயிற்சி மைதானத்துக்கும் இடைவேளைக்கும் ஆனது. இடைவேளை 15 நிமிடம் என்றாலும் நடந்து வந்து, தண்ணீர் குடித்து, மருத்துவர் பார்த்து முடித்தபின் பேச்சுக்கு மிஞ்சுவது ஏழெட்டு நிமிடம். அதற்குள் இரண்டு விஷயம் காட்டலாம், மூன்றாவது தலையில் ஏறாது. ஆகவே 22 காந்தத்தையும் அடுக்கி நேரம் கழிக்காமல், இடைவேளைக்கு இரண்டு நிமிடம் முன்பே உதவியாளர் எழுந்து உள்ளே போய் எதிரணியின் அமைப்பை அடுக்கிவிடவேண்டும். கோச் வந்ததும் நகர்த்த மட்டும் வேண்டியிருக்கும்.

ஜிப் மடக்குப் பலகை

தோல் போன்ற உறை, உள்ளே காந்தத்தாள், பேனா செருக இடம், நோட்டுப் புத்தகம். பார்க்க மிக அழகு. பரிசாகக் கொடுக்க வாங்கலாம். வேலைக்கு ஆகாது. உள்ளே இருப்பது தகடு இல்லை, மெல்லிய இரும்புத்தூள் கலந்த தாள். அதில் காந்தம் பேருக்குத்தான் ஒட்டும். நடு மடிப்பு சரியாக மைதானத்தின் நடுவில் விழுவதால் நடுவரிசை ஆட்டக்காரர் எப்போதும் பள்ளத்தில் நிற்பார். வெயிலில் பெஞ்சில் கிடந்தால் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். ஜிப்பைத் திறந்து, விரித்து, கீழே விழுந்த காந்தத்தைப் பொறுக்கி முடிப்பதற்குள் அந்த இருபது நொடி போய்விடும்.

வளைய ஃபைல்

நான்கிலும் மிக மலிவானது இது. கோட்டோரத்துக்கு மிகச் சிறந்ததும் இதுதான். ஏ4 தாள்களை மேட் லேமினேட் செய்து, இரண்டு அல்லது நான்கு வளைய ஃபைலில் கோத்தால் முடிந்தது. பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். இரவு ஆட்டத்தில் விளக்குக் கோபுர வெளிச்சம் தாளில் விழுந்து கண்ணைக் கூசச் செய்யும், ஆட்டக்காரர் தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பார். 125 மைக்ரான் தடிமன் இருந்தால் காற்றில் பறக்காது, மழையில் சுருளாது. நான்கு ஓரமும் தாளைவிட 3 மி.மீ. வெளியே நீட்டி ஒட்டியிருக்கவேண்டும். தாளின் அளவுக்கே வெட்டிவிட்டாலோ, லேமினேட் செய்தபின் துளையிட்டாலோ, அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து மை கலங்கும். பெலெம் நகரில் மாலை மழை வழக்கமான சங்கதி. அங்கே ஒரு ஆட்டத்தோடு ஃபைல் போய்விடும். துளையை முதலில் தாளில் பெரிதாக இட்டு, லேமினேட் செய்தபின் அதே இடத்தில் சிறிதாக இட்டால் சுற்றி ஒட்டிய விளிம்பு நிற்கும், நீர் புகாது.

எத்தனை பக்கம்? பதினெட்டைத் தாண்டக்கூடாது. எதிரணி கார்னர் இடப்பக்கம், வலப்பக்கம், நம் கார்னர் இடப்பக்கம், வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகை, எதிரணியின் பக்கவாட்டு ஃப்ரீகிக் இரண்டு, நேர் ஃப்ரீகிக்குச் சுவர், நம் ஃப்ரீகிக் மூன்று, பெனால்டி வரிசை, பத்துப் பேராகிவிட்டால் எப்படி நிற்பது என்று ஒரு பக்கம், ஒன்றிரண்டு வெற்றுப் பக்கம். பக்கவாட்டில் ஒட்டும் நிறப்பட்டையைப் பார்த்தே புரட்டவேண்டும். எண் தேடிப் புரட்டுவதாக இருந்தால் அந்த ஃபைல் தோற்றுவிட்டது.

இந்த ஃபைல் தவறாகப் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பக்கத்தில் ஆட்டக்காரர் பெயரை அச்சடித்துவிடுகிறார்கள். ஆட்டக்காரர் மாறியதும் பக்கம் பொய்யாகிறது. பெயர் வேண்டாம், பணியை அச்சடிக்கவேண்டும். எதிரணி கார்னருக்கு ஒரு சாதாரண அமைப்பு இது: கோல் ஏரியாவில் இடத்தைக் காப்பவர் ஆறு பேர், ஓடிவரும் ஆட்களைத் தடுப்பவர் மூன்று பேர், ஹெபோச்சி எனப்படும் தெறித்து வரும் பந்துக்குப் பாக்ஸ் விளிம்பில் ஒருவர். பத்தாயிற்று, கோல்கீப்பரோடு பதினொன்று. இந்தப் பத்து இடத்துக்கும் ஒன்றிலிருந்து பத்துவரை எண் கொடுக்கவேண்டும். எண் ஒன்று எப்போதும் பிரிமெய்ரு பாவ், முன்போஸ்ட். பக்கத்தின் அடியில் சிறு அட்டவணை: எண், தொடங்கியவர், மாற்று. இதை மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் மெழுகுப் பென்சிலால் எழுதினால் போதும். எழுத்து கை நீட்டும் தூரத்திலிருந்து படிக்கும்படி 24 புள்ளிக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

அடுத்தது உயரக்கணக்கு. எத்தனையோ ஃபைல்கள் இதில்தான் சறுக்குகின்றன. 1.88 மீட்டர் டிஃபெண்டர் வெளியே வந்து 1.70 மீட்டர் விங்கர் உள்ளே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி விங்கர் அந்த டிஃபெண்டரின் இடத்தில், அதாவது கோல் ஏரியாவின் நடுவில் நிற்கவேண்டும். அப்படி நின்றால் அடுத்த கார்னரிலேயே கோல் விழும். அவரை விளிம்புக்கு அனுப்பி, விளிம்பில் இருந்தவரைத் தடுப்புக்கு இழுத்து, தடுப்பில் இருந்த உயரமானவரை நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். மூன்று பேர் நகரவேண்டிய இடத்தில் உதவியாளர் பேசுவது ஒருவரிடம் மட்டும். மற்ற இருவரும் மைதானத்தில் எதுவும் தெரியாமல் பழைய இடத்திலேயே நிற்பார்கள். ஆகவே நல்ல ஃபைலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டாவதாக நகர்பவர் யார், மூன்றாவதாக நகர்பவர் யார் என்று வட்டம் போட்டு முன்கூட்டியே குறித்திருக்கும். உள்ளே போகிறவரிடம் சொல்லவேண்டிய கடைசி வாக்கியம் அவர் இடத்தைப் பற்றியது அல்ல. "உள்ளே போனதும் ஏழாம் நம்பர் ஜெர்சிக்காரரை நடுவுக்குப் போகச் சொல், ஐந்தாம் நம்பர் ஜெர்சிக்காரரைத் தடுக்கச் சொல்" என்பதுதான்.

ஐந்து மாற்றம் விதியானபின் இன்னொரு தேவை வந்திருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது மூன்று முறைதான் நிறுத்தி மாற்றலாம் என்பதால் இருவர், மூவர் ஒன்றாக உள்ளே போகிறார்கள். ஒரே ஃபைலை மூன்று தலைகள் எட்டிப் பார்க்க முடியாது. இரண்டு பிரதி வேண்டும். இரண்டாவதை ஆய்வாளரோ கோல்கீப்பர் பயிற்சியாளரோ பிடிக்கலாம். இரண்டிலும் மெழுகுப் பென்சில் குறிப்பு ஒன்றேபோல் இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்றில் மட்டும் திருத்தியதால் இருவர் ஒரே போஸ்டில் போய் நிற்கும் காட்சி அரிதானதல்ல.

எழுதுகோல் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப்பலகை மார்க்கர் ஈரத்தில் எழுதாது. எழுதியதும் துளி பட்டால் வழிந்துவிடும். நீரால் அழியும் வகை மார்க்கரும் மழைக்கு ஆகாது. மெழுகுப் பென்சில் ஈரமான லேமினேஷனிலும் எழுதும், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போகும். கெட்டிப்பலகையில் மார்க்கர் மை வெயிலில் காய்ந்து நிழல்போல் படிந்துவிட்டால், அதன்மேல் அதே மார்க்கரால் மறுபடி எழுதி உடனே துடைத்தால் பழையதும் சேர்ந்து வரும். அசிடோன் ஊற்றினால் மேல்பூச்சே கரைந்துவிடும்.

டேப்லெட்டும் வீடியோச் சேவையும்

2018-19 விதித்தொகுப்பிலிருந்து பெஞ்சில் சிறிய கையடக்க மின்கருவியைத் தந்திர நோக்கத்துக்கும் ஆட்டக்காரர் நலனுக்கும் பயன்படுத்த அனுமதி உண்டு. அதன்பின் பிரேசிலில் டேப்லெட் இல்லாத பெஞ்ச் இல்லை என்று ஆகிவிட்டது. மாடத்தில் உட்கார்ந்த ஆய்வாளர் வெட்டி அனுப்பும் துண்டு, இடைவேளையில் பார்க்க அருமையான பொருள். எதிரணியின் வலப்பக்க டிஃபெண்டர் எத்தனை முறை மேலே போய் இடம் விட்டார் என்பதைக் காந்தம் நகர்த்திச் சொல்வதைவிட பத்து நொடி வீடியோ நன்றாகச் சொல்லும். அந்த வேலைக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கலாம்.

கோட்டோரத்தில் மாற்று ஆட்டக்காரருக்குக் காட்டும் வேலைக்கு மட்டும் பரிந்துரைக்க முடியாது. ஐபேட் இயங்கத் தயாரிப்பாளர் சொல்லும் சூழல் வெப்பம் 35 டிகிரி வரைதான். குயாபா நகரில் மாலை நான்கு மணி ஆட்டத்தில் அதைத் தாண்டிவிடும். திரை தானாக மங்கும், பிறகு வெப்ப எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். நேர்வெயிலில் திரையைவிட முகம்தான் அதிகம் தெரியும். மழைத்துளி திரையில் விழுந்தால் அதையும் விரல் என்று எடுத்துக்கொண்டு பக்கம் தானாகத் தாவும். வியர்த்த விரலும் அப்படியே. காந்த உறைக்குப் பக்கத்தில் பலகைக் காந்தம் வைத்தால் உறை மூடியதாக நினைத்துத் திரை அணைந்துவிடும். பையில் இரண்டையும் தனித்தனி அறையில் வைக்கவேண்டும். மரக்கானா போன்ற அரங்கம் நிரம்பும்போது கைப்பேசி இணையம் திணறும். மாடத்துக்கும் பெஞ்சுக்கும் இடையில் கிளப்பே தனி ரவுட்டர் வைத்தால் ஒழிய, ஆட்ட நேரத்தில் இணையத்தை நம்பக்கூடாது. வேண்டிய துண்டுகளை முன்னிரவே இறக்கி வைக்கவேண்டும்.

விதியில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. டேப்லெட்டில் மறுகாட்சியைப் பார்த்துவிட்டு நடுவரிடம் தகாத முறையில் நடந்துகொண்டால் சிவப்பு அட்டை. கோபத்தில் திரையை நான்காவது நடுவர் முகத்துக்கு நேராக நீட்டினாலே வம்புதான். உதவியாளர் வெளியேற்றப்பட்டால் போலா பாராடா முழுக்க அனாதையாகிவிடும். காகித ஃபைலால் இந்த ஆபத்து இல்லை.

வீடியோத் தொகுப்புச் சேவைகளில் வைஸ்கவுட் பிரேசில் கிளப்புகளில் பரவலானது. 2019 முதல் ஹடல் நிறுவனத்துடையது. எதிரணியின் கார்னர்களை மட்டும் பொறுக்கி வரிசையாகப் பார்க்க முடிவது பெரிய வசதி. கைக்குறிப்பு எழுதிப் பார்த்தால் ஒருநாள் ஆகும் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். குறை என்னவென்றால் அடிப்படைப் படம் தொலைக்காட்சி ஒளிபரப்பு. கார்னர் எடுக்குமுன் காமிரா, பந்தை உதைக்கப் போகிறவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், பாக்ஸுக்குள் யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்பது தப்பிவிடும். எதிர்த்தாக்குதலுக்கு நடுக்கோட்டில் எத்தனை பேரை விட்டிருக்கிறார்கள் என்பதும் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடும். முழு மைதானமும் தெரியும் காமிராப் பதிவு கிடைத்தால் முதலில் அதைப் பார்க்கவேண்டும். ஒளிபரப்பு முகங்களையும் எண்களையும் அடையாளம் காண மட்டும்.

அசையும் படம் வரையும் பலகைச் செயலிகள் விளக்கக் கூட்டத்துக்கு அழகு. ஒரு கார்னர் ஓட்டத்தை அசைத்து வரையக் கால்மணி நேரம் போகும், எட்டு வகைக்கு இரண்டு மணி நேரம். புதன்-ஞாயிறு அட்டவணையில் அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? வரைந்ததை ஒரே தட்டில் பிடிஎஃப் ஆக்கி அச்சடிக்க முடிகிற செயலி என்றால் மட்டும் பணம் கொடுக்கலாம். ஏன் பிடிஎஃப் என்று இவ்வளவு அழுத்துகிறோம் என்றால், அது பொருளைவிட இந்த வேலையின் போக்கைப் பொறுத்தது.

பிரேசிலில் இருவகை உதவியாளர்கள் உண்டு. ஒருவகை தலைமைப் பயிற்சியாளரோடு வந்து அவரோடு போகிறவர். ஃபெலிபாவ் ஸ்கொலாரிக்கு முர்ட்டோசா அப்படி. 2002 உலகக்கோப்பையிலும் 2014-லும் அதே ஜோடி. டிட்டேக்கு க்ளேபர் சாவியர் அப்படி. கொரிந்தியன்ஸ், 2016 முதல் 2022 வரை தேசிய அணி, பிறகு ஃபிளமெங்கோ. இவர்களுக்கு ஃபைலின் மொழி இருபது ஆண்டு மாறாது. கோச் ஒரு சொல் சொன்னால் எந்தப் பக்கம் என்று கை போகும். இரண்டாம் வகை கிளப்பிலேயே நிலையாக இருக்கும் ஔசிலியார். கோச் போய்விடுவார், இவர் இருப்பார். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று கோச் மாறுவது அங்கே சாதாரணம். ஒவ்வொரு முறையும் இடைக்காலப் பொறுப்பு, அதாவது இண்டெரினு, இவர் தலையில் விழும்.

அந்த இரவில் என்ன நடக்கிறது? போகிற கோச் தன் குழுவோடு மடிக்கணினியையும் செயலிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆட்டம் நாளை மறுநாள். கிளப்பில் மிச்சமிருப்பது அச்சடித்த ஃபைல் மட்டும். 2009-இல் ஃபிளமெங்கோவில் உதவியாளராக இருந்த ஆன்ட்ராடி பருவத்தின் நடுவில் பொறுப்பேற்று அதே ஆண்டு தேசிய லீகை வென்றார். ஃபாபியு கரில்லி 2009 முதல் கொரிந்தியன்ஸில் உதவியாளர். கோச்சுகள் வந்துபோக அவர் இருந்தார். 2017-இல் தலைமையேற்று மாநிலப் பட்டமும் தேசிய லீகும் எடுத்தார். அந்த அணியின் பின்வரிசைக் கட்டுக்கோப்பை இன்றும் பேசுவார்கள். அப்படி நிலையாக இருப்பவர் செயலிக் கணக்கைக் கிளப் மின்னஞ்சலில் திறக்கச் சொல்லி முதல் நாளே வற்புறுத்தவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு பிடிஎஃப் ஒன்றைத் தன்னிடமும் சேமிக்கவேண்டும். ஃபைலில் கோச்சின் தனிச் சுருக்கெழுத்து இருக்கக்கூடாது. யார் எடுத்தாலும் படிக்கும்படி பிரிமெய்ரு பாவ், செகுந்து பாவ் (பின்போஸ்ட்), ஹெபோச்சி என்று ஊர் அறிந்த சொல்லே இருக்கவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உதவியாளர் தலைமைக்கு ஏறிவிட்டால் ஃபைலை இன்னொருவர் கையில் கொடுக்கவேண்டும். முர்ட்டோசா 2000-இல் பல்மெய்ராஸின் பொறுப்பேற்று கோப்பா டொஸ் கம்பெயோன்ஸ் என்ற கோப்பையை வென்றார். க்ளேபர் சாவியர் 2025-இல் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சாந்தோஸில் தலைமை வகித்தார். கோட்டோரத்தில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நின்று தந்திரக் கட்டளை தரலாம் என்பது விதி. ஏறியவர் பழைய பழக்கத்தில் ஃபைலையும் தானே பிடித்துக்கொண்டு மாற்று ஆட்டக்காரரிடம் போனால், அந்த ஒரு நிமிடம் ஆட்டத்தைப் பார்ப்பவர் யாரும் இல்லை.

இனி வாங்கும் கணக்கு. இளையோர் அணியில் தொடங்குபவர், கூம்புப்பையும் கொலெட்சிவு எனப்படும் பயிற்சி ஆட்டத்துக்கான அடையாளச் சட்டைகளும் தாமே சுமப்பவர், ஏ3 இரண்டு-தகட்டுப் பலகை ஒன்றும் மெழுகுப் பென்சில் நான்கும் வாங்கினால் போதும். ஜனவரியில் கோப்பிஞ்ஞா என்ற இளையோர் போட்டி ஆடப் போகும் இருபது வயதுக்குட்பட்டோர் அணி என்றால் கூடவே வளைய ஃபைல். தொழில்முறை அணியில் நிலையான உதவியாளருக்கு ஃபைல் இரண்டு பிரதி, ஏ4 முழு-பாதிப் பலகை ஒன்று; டேப்லெட்டைக் கிளப் வாங்கட்டும், சொந்தக் காசில் வேண்டாம். காந்தம் வாங்கும்போது 22 என்று எண்ணி வாங்கவேண்டாம். 30 வாங்கி, எட்டைத் தனி டப்பாவில் போட்டு பையிலேயே வைத்துவிடவேண்டும். பேருந்து இருக்கைக்கு அடியில் உருண்டு போன மஞ்சள் காந்தத்தைத் தேட ஆட்ட நாளில் யாருக்கும் நேரம் இருக்காது.